மரை கழண்டது யாருக்கு?

நம்ம ஊரில் ஒருத்தர் கொஞ்சம் ஏடாகூடமா நடந்துக்கிட்டா "அவனுக்கு மரை கழண்டு போச்சு"ன்னு சொல்லிடுவோம். மூளைக்குள்ள எங்கேயோ ஒரு நட்டு இருக்கிற மாதிரியும், அது ஆடி ஆடிக் கழண்டு வந்துட்ட மாதிரியும் ஒரு கற்பனை. இதை முதன்முதலில் சொன்ன புண்ணியவான் இயந்திரங்களோட நல்லாப் பழகினவரா இருக்கணும். ஏன்னா யாரும் ஸ்பேனர் வச்சு அந்த நட்டைக் கழட்டறதில்லை. அதுவாத்தான் கழலுது. அதுவும் ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமா. வெளியில் இருக்கிறவனுக்குத் தெரிய வர்றப்போ கதை பாதி முடிஞ்சிருக்கும்.

கவலைப்படாதீங்க, இன்னைக்கு நான் எழுத வந்தது மூளை நட்டைப் பத்தி இல்லை. பைக்கோட கிளட்ச் நட்டைப் பத்தி. "இவனுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு ஓடிடாதீங்க. நடுவில் 18,000 ரூபாய் மிச்சமான கதை ஒண்ணு வருது. :-)

முதல்ல இந்த நட்டு எங்கே இருக்குன்னு பார்த்துடுவோம். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்குங்க. 1985-லிருந்து 1996 வரைக்கும் நம்ம நாட்டில் வந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. வண்டியில் உட்கார்ந்தா வலது காலுக்குப் பக்கத்தில், கிக்கர் இருக்கிற பக்கம், ஒரு பெரிய வட்டமான அலுமினியக் கவர் இருக்கும். அதுக்குள்ள கியர் ஆயிலில் நனைஞ்சுக்கிட்டே சுத்துறதுதான் கிளட்ச்.

அதில் ரெண்டு முக்கியமான சாமான். வெளியில் ஒரு கூடை மாதிரி ஹவுசிங், இது எஞ்சின் கிராங்க்கோட பல் வழியா சேர்ந்து சுத்தும். உள்ளே ஒரு ஹப், இது கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேல பல்லோட பல்லா ஏறி உட்கார்ந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவில் பிளேட்டுகள் அடுக்கடுக்கா இருக்கும். ஸ்பிரிங் அந்த பிளேட்டுகளை அழுத்திப் பிடிச்சா எஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போகுது. லிவரைப் பிடிச்சா அழுத்தம் விலகுது, சக்தி நிக்குது. இந்த ஹப்பை ஷாஃப்ட்டோட சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கிறது நடுவில் இருக்கிற ஒரே ஒரு நட்டு. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு அடியில் மெலிசா ஒரு லாக் வாஷர். அவ்வளவுதான்.

இப்ப கதைக்கு வருவோம். எங்க தெருவுக்குப் பேப்பர் போடற தம்பி ஒருத்தர். மதுரையில் விடியக்காலை நாலு மணிக்குப் போய் பேப்பர் கட்டு எடுத்து, ஆறரைக்குள்ள இருநூறு வீட்டுக்குப் போட்டாகணும். வண்டி அவங்க அப்பா வாங்கின 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. அப்பா இதே வண்டியில் இதே வேலையைப் பார்த்தவர். அவர் இப்ப இல்லை. வண்டி இருக்கு.

ஒருநாள் காலையில் பேப்பரைத் தூக்கி எறியாம, கேட்டைத் தட்டிக் கையில் கொண்டு வந்து கொடுத்தார். அப்பவே விஷயம் இருக்குன்னு புரிஞ்சிருச்சு.

"அண்ணே, வண்டியைக் குடுத்துரலாம்னு இருக்கேண்ணே."

"எதுக்குப்பா?"

"எஞ்சின்ல சத்தம் வருதுண்ணே. கிராங்க் போயிருச்சாம். முழுசாப் பிரிக்கணும், 18,000 ஆகும்கிறாங்க. அம்மாகிட்டச் சொன்னா அழுகுது. ஒரு புரோக்கர் வந்து, இருக்கிற நிலைமையில 30,000-க்கு எடுத்துக்கிறேன்கிறாரு."

"கிராங்க் போச்சுன்னு யாரு சொன்னா? தொறந்து பாத்தாங்களா?"

"இல்லண்ணே. சத்தத்தை வச்சே சொல்லிட்டாங்க."

நல்ல நிலைமையில் இருக்கிற ஆர்எக்ஸ் 100-க்கு இன்னைக்கு லட்சத்துக்கு மேல விலை கேட்கிறாங்க. 30,000-ங்கிறது கஷ்டத்தில் இருக்கிறவன்கிட்ட கேட்கிற விலை. ஆனா எனக்கு அந்தக் கணக்கை விட அந்த 'அம்மா அழுகுது' தான் உறுத்துச்சு. சரி, சாயந்திரம் வண்டியைக் கொண்டுட்டு வாங்க, பார்ப்போம்னு சொல்லி அனுப்பினேன்.

வண்டி வந்தது. ஸ்டார்ட் பண்ணி விட்டா வலது பக்கம் கடகடகடன்னு டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி சத்தம். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணை எடுத்து நுனியை வலது கவரில் வச்சு, கைப்பிடியைக் காதில் வச்சுக் கேட்டேன் (ஏழை மெக்கானிக்கோட ஸ்டெதாஸ்கோப்!). சத்தம் கிளட்ச் கவருக்கு நேர் நடுவில்தான் அதிகம். இடது பக்கம் ரொம்பக் கம்மி. அப்புறம் கிளட்ச் லிவரைப் பிடிச்சேன். சத்தம் டக்குனு அடங்கிருச்சு. விட்டேன், திரும்ப வந்துருச்சு.

இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. நிறைய வண்டிகளில் ஐடிலிங்கில் கிளட்ச் கொஞ்சம் கலகலன்னு பேசறதும், லிவரைப் பிடிச்சா அடங்கறதும் சாதாரணம்தான். அதனால இன்னொரு கேள்வி கேட்டேன்.

"கிளட்ச் கேபிளை அடிக்கடி டைட் பண்ண வேண்டியிருக்கா?"

"ஆமாண்ணே! வாரத்துக்கு ஒருக்கா லூஸாயிருது. நியூட்ரலும் விழ மாட்டேங்குது. புது கேபிள் கூடப் போட்டுட்டேன்."

"வலது பக்கம் இதுக்கு முன்னாடி யாராச்சும் தொறந்தாங்களா?"

"நாலு மாசம் முன்ன கிளட்ச் பிளேட் மாத்துனோம்ணே."

இப்ப எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்துருச்சு. காரணம் சொல்றேன். இந்த வண்டியில் லிவரைப் பிடிச்சா ஷாஃப்ட்டுக்குள்ள இருக்கிற ஒரு புஷ் ராடு, பிரஷர் பிளேட்டை வெளிப்பக்கமாத் தள்ளும். அந்தத் தட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற ஸ்பிரிங்குகள் ஹப்பில்தான் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கு. அப்போ லிவரைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் வழியா ஹப்பும் வெளிப்பக்கமா இழுபடும். அந்த இழுப்பை வாங்கித் தாங்கறது நடு நட்டு. நட்டு லூஸா இருந்தா, லிவரைப் பிடிச்சதும் ஹப் வெளியில் நகர்ந்து நட்டில் போய் ஒட்டிக்கும், ஆட்டம் நிக்கும், சத்தமும் நிக்கும். லிவரை விட்டா ஹப்பைப் பிடிக்க ஆளில்லை, மறுபடி கடகட. கேபிள் வாராவாரம் லூஸாகறதுக்கும் இதுதான் காரணம். நட்டு வெளியே வர வர, ஹப் போற தூரமும் கூடுது. லிவரோட இழுப்பு பாதி அந்த வெட்டி நகர்வுக்கே செலவாகிடுது. பிளேட்டுகள் முழுசா விலகாததால் நியூட்ரல் விழ மாட்டேங்குது. கிராங்க் பேரிங் போனா சத்தம் வரும், வாஸ்தவம்தான். ஆனா அதுக்காகக் கிளட்ச் கேபிள் லூஸாகாதே!

இருநூறு வீடு. வீட்டுக்கு ரெண்டு தடவை லிவரைப் பிடிச்சாலும் ஒரு காலையில் நானூறு தடவை. பேப்பர் போடற வண்டியில் கிளட்ச் படற பாடு, நாம ஆபீஸுக்குப் போற வண்டிக்கு ஒரு வாரம் ஆனாலும் வராது.

ஞாயித்துக்கிழமை பேப்பர் போட்டு முடிச்சுட்டு வந்தார். ஆரம்பிச்சோம். கியர் ஆயிலை ஒரு வெள்ளை டப்பாவில் இறக்கினோம். ஆயிலை இறக்காம வண்டியை இடது பக்கம் சாய்ச்சு வச்சும் கவரைக் கழட்டலாம், ஆனா எனக்கு ஆயிலைப் பார்க்கணும். வெளிச்சத்தில் பார்த்தா அடியில் பளபளன்னு பொடி, கூடவே நகம் சைஸுக்கு ஒரு மெலிசான தகரத் துண்டு. அந்தத் துண்டைக் கையில் எடுத்ததுமே சிரிப்பு வந்துருச்சு. லாக் வாஷரோட காது அது. அந்தத் துண்டு ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் மாட்டியிருந்தா சிரிப்பு வந்திருக்காது.

ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிறவங்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. டூ ஸ்ட்ரோக் ஆயில் பம்ப்பும் அந்த வலது கவரிலேயேதான் இருக்கு. கவரைக் கழட்டும்போது ஆயில் பைப்பை எடுத்தீங்கன்னா, திரும்ப மாட்டினப்புறம் பைப்பில் இருக்கிற காத்தை வெளியேத்தியே ஆகணும். காத்து அடைச்சா ஆயில் போகாது. ஆயில் போகலைன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். கிளட்ச்சைச் சரி பண்ணப் போய் எஞ்சினைக் காலி பண்ணின கதை ஆயிடும்.

கவர் வெளியே வந்ததும் ஸ்பிரிங், பிரஷர் பிளேட், பிளேட்டுகள் எல்லாத்தையும் வரிசை மாறாம பேப்பர் மேல (அவர்கிட்ட பேப்பருக்கா பஞ்சம்!) அடுக்கினோம். நடு நட்டுக்கு ஸ்பேனரே தேவைப்படலை. தம்பி விரலாலேயே சுத்தினார், கூஜா மூடி மாதிரி திரும்பி வந்துச்சு. அவர் முகத்தைப் பார்க்கணுமே!

"இதுக்காண்ணே 18,000?"

நட்டோட மூலைகளில் எல்லாம் உளி வச்சு அடிச்ச தழும்பு. லாக் வாஷரில் ஒரு காது உடைஞ்சு போயிருந்தது, மிச்சக் காதுகள் ஏற்கெனவே மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கின அடையாளத்தோட வெள்ளை வெள்ளையாக் கோடு விட்டிருந்தது. நாலு மாசம் முன்ன நடந்தது என்னன்னு அந்த வாஷரே சொல்லிருச்சு. பழைய வாஷரின் காதை நிமிர்த்தி, உளியும் சுத்தியலுமா நட்டைக் கழட்டி, பிளேட் மாத்தி, அதே உளியால் நட்டை அடிச்சு இறுக்கி, அதே காதைத் திரும்ப மடக்கியிருக்காங்க. (பிளேட் மாத்தறதுக்கு நடு நட்டைத் தொடவே வேண்டியதில்லைங்கிறது தனிக் கதை.)

சரி, நட்டு ஏன் கழலுது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

நட்டுன்னா ஏதோ மரையின் பிடிப்பில் நிக்குதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங் வேலை. நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட்டோட மரைப்பகுதி மயிரிழை அளவு நீளுது. நீண்ட இரும்பு சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கற விசைதான் நட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் அழுத்தமா நிக்குது. கயித்துக் கட்டிலை நினைச்சுப் பாருங்க. கயிறு விறைப்பா இருக்கிற வரைக்கும்தான் அது கட்டில். தொய்ஞ்சா முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தாலும் அது தொட்டில்! நட்டிலும் அதே கதைதான். விறைப்பு இருந்தா உராய்வு இருக்கும், உராய்வு இருந்தா நட்டு திரும்பாது.

இந்த விறைப்பு எப்படிப் போகுதுங்கிறதை முறையா ஆராய்ச்சி பண்ணினவர் ஜெர்ஹார்ட் யுங்கர்ங்கிற ஜெர்மன் பொறியாளர். 1969-ல் அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். போல்ட்டை நீளவாக்கில் குலுக்கறதை விட, குறுக்குவாக்கில், அதாவது இறுக்கிப் பிடிச்ச ரெண்டு பொருளும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கற மாதிரி ஆட்டினால்தான் நட்டு வேகமாக் கழலுதுன்னு காட்டினார். வழுக்கற அந்த நொடியில் உராய்வோட பிடி விட்டுப் போகுது. மரைங்கிறது உண்மையில் சுருட்டி வச்ச ஒரு சாய்வுப் பாதைதானே? பிடி விட்டதும் நட்டு அந்தச் சரிவில் ஒரு துளி கீழே இறங்குது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு துளி. இன்னைக்கும் நட்டு, வாஷரெல்லாம் எவ்வளவு தாங்கும்னு சோதிக்க அவர் பேரில்தான் சோதனை இருக்கு. அந்தச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் வாங்கற மார்க் ரொம்ப மோசம். "அதான் ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கோமே"ன்னு தைரியமா இருக்கிறவங்க கவனிக்க.

இதைக் கிளட்ச் ஹப்பில் வச்சுப் பாருங்க. ஷாஃப்ட்டோட பல்லுக்கும் ஹப்போட பல்லுக்கும் நடுவில் எப்பவுமே துளி இடைவெளி இருக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினா எஞ்சின் ஹப்பை ஒரு பக்கம் தள்ளும். விட்டா சக்கரம் ஷாஃப்ட்டை இழுத்து, ஹப் எதிர்ப்பக்கம் சாயும். நட்டு நல்ல இறுக்கத்தில் இருந்தா ஹப்பும் ஷாஃப்ட்டும் ஒரே உடம்பா நடந்துக்கும், ஆட்டம் வெளியே தெரியாது. இறுக்கம் கொஞ்சம் குறைஞ்சா ஹப் அந்தத் துளி இடைவெளியில் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். நட்டோட முகத்தைத் தேய்ச்சு, அதையும் கூடவே இழுத்து இழுத்து விடும். ஆடினா லூஸாகும், லூஸானா இன்னும் ஆடும். வீடு வீடா நின்னு நின்னு போற வண்டியில் இது எவ்வளவு தடவை நடக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

லாக் வாஷர் என்ன பண்ணுது அப்போ? பலரும் நினைக்கிற மாதிரி அது இறுக்கத்தைக் காப்பாத்தறதில்லை. நட்டு முழுசாக் கழண்டு விழாமத் தடுக்குது, அவ்வளவுதான். அது வாட்ச்மேன் மாதிரி. திருடன் வெளியே ஓடறதைத் தடுப்பார், வீட்டுக்குள்ள நடக்கிற சண்டையைத் தீர்க்க மாட்டார். இறுக்கம் சரியா இல்லாத நட்டு ஓயாம காதை முட்டிக்கிட்டே இருந்தா, காது களைச்சு உடைஞ்சு போகும். ஏற்கெனவே ரெண்டு தடவை மடங்கின காதுன்னா கேட்கவே வேண்டாம்.

இனி நாங்க என்ன பண்ணினோம்னு வரிசையாச் சொல்றேன். செய்யறவங்களுக்கு உபயோகப்படும்.

1. பழைய நட்டு, வாஷர் ரெண்டையும் தூக்கிப் போட்டோம். ஒர்க்‌ஷாப் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது நட்டு, புது லாக் வாஷர், கவர் பேக்கிங் வாங்கினோம். வாஷர் விலை ஒரு டீ, வடை காசுக்குள்ள அடங்கிருச்சு.

2. ஹப்பை வெளியில் எடுத்து அதன் உள்பல்லையும் ஷாஃப்ட் பல்லையும் பார்த்தோம். பல் தேய்ஞ்சு படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தா புது ஹப் போட்டே ஆகணும், இல்லைன்னா எவ்வளவு இறுக்கினாலும் வீண். நல்ல வேளை, பல் தப்பிச்சிருந்தது. ஹப்புக்குப் பின்னாடி இருக்கிற தட்டை வாஷர் இருக்கான்னும் பார்த்துக்குங்க. அதை மாட்டாம விட்டாலோ இடம் மாத்தி மாட்டினாலோ அடுக்கு சரியா இறுகாது.

3. ஷாஃப்ட் மரை, நட்டு மரை, ஹப் முகம் மூணையும் பெட்ரோல் விட்டுப் பிரஷ்ஷால் தேய்ச்சுக் காய விட்டோம். மண்ணோ பிசிறோ நடுவில் மாட்டினா இறுக்கின அன்னைக்கு டைட்டா இருக்கும். நாலு நாளில் அந்தப் பிசிறு நசுங்கிரும், அது நசுங்கின அளவுக்கு விறைப்பும் போயிரும்.

4. ஹப்பை அசையாமப் பிடிக்கணும். ஹவுசிங்குக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகறது நம்ம ஊர் வழக்கம். அலுமினியம் உடைஞ்சா ஹவுசிங் காசு உங்க தலையில். அதுக்குப் பதிலா, கழிச்சுப் போட்ட பழைய ஸ்டீல் பிளேட் ஒண்ணை (ஸ்டீல் பிளேட்டோட உள்பல்தான் ஹப்பில் மாட்டும்) ஒரு நீள இரும்புப் பட்டையில் வெல்டிங் வச்சுக் கொடுத்தார் எங்க ஏரியா லேத்துக்காரர். ஹப்பில் மாட்டினா கைப்பிடி வச்ச சாவி மாதிரி கச்சிதமா நிக்குது.

5. டார்க் ரெஞ்ச். வேறு பேச்சே இல்லை. எவ்வளவு இறுக்கணும்கிற அளவை அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் வைக்கணும், அடுத்தவன் வண்டி அளவு உங்க வண்டிக்கு ஆகாது. மேனுவலில் கிலோகிராம் மீட்டர் போட்டிருந்து ரெஞ்ச்சில் நியூட்டன் மீட்டர் இருந்தா 9.8-ஆல் பெருக்கிக்குங்க. நாம கொடுக்கிற முறுக்கில் நூத்துக்குத் தொண்ணூறு பங்கு உராய்விலேயே கரைஞ்சு போகுது, ஏறக்குறைய பத்து பங்குதான் விறைப்பா மாறுது. அதனால மரை காய்ஞ்சிருக்கணுமா, எண்ணெய் தடவணுமான்னு மேனுவல் சொல்றதை அப்படியே செய்யணும். எண்ணெய் இருந்தா உராய்வு குறைஞ்சு, அதே அளவு முறுக்கில் விறைப்பு எகிறிரும்.

6. இறுக்கின பிறகு வாஷர் காதை நட்டின் தட்டையான பக்கத்தில் முழுசாப் படியற மாதிரி மடக்கினோம். காது மூலையில் வந்து நின்னா நட்டைத் துளி கூடுதலா இறுக்கித் தட்டைப் பக்கத்துக்குக் கொண்டு வரணும். பின்னாடி தளர்த்திப் பொருத்தவே கூடாது. ஒரு காதை ஒரு தடவைக்கு மேல மடக்கக் கூடாது.

7. ஷாஃப்ட் நுனியிலிருந்து நட்டு மேல வரைக்கும் வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு. அடுத்த தடவை திறக்கும்போது கோடு முறிஞ்சிருந்தா நட்டு நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.

கடைசியா ஹவுசிங்கைக் கையால் சுத்திப் பார்த்தோம். ஹப் அசையாம நிக்கணும், ஹவுசிங் மட்டும் சுத்தணும். சுத்திச்சு.

"அண்ணே, இந்த லாக்டைட் எல்லாம் போட மாட்டீங்களா?"ன்னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 1953-ல் அமெரிக்காவில் வெர்னான் கிரீபிள்ங்கிற வேதியியல் பேராசிரியர் கொண்டு வந்த சமாச்சாரம் அது. காத்து படற வரைக்கும் திரவமாவே இருக்கும். மரைக்குள்ள போய்க் காத்து அடைபட்டு, உலோகம் தொட்டதும் இறுகிக் கெட்டியாகும். அதனாலதான் பாட்டிலில் எப்பவும் கொஞ்சம் காத்துக்கு இடம் விட்டே அடைக்கிறாங்க. மரை இடுக்கில் இருக்கிற இடைவெளியை அது நிரப்பிடறதால், யுங்கர் சொன்ன வழுக்கல் நடக்கவே இடமிருக்காது. நல்ல சாமான்தான். ஆனா மரையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, முழு பலம் வர ஒரு நாள் காத்திருக்கணும், நீல நிற நடுத்தர வகையோட நிறுத்திக்கணும். சிவப்பு வகையைப் போட்டுட்டா கழட்டறதுக்கு 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்டணும். பேரிங்கும் ஆயில் சீலும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் அந்த வேலை வேண்டாம். முக்கியமா, இது சரியான இறுக்கத்துக்கும் புது வாஷருக்கும் கூடுதல் காவல், பதில் காவல் இல்லை. நாங்க நீலத்தில் ரெண்டு சொட்டு விட்டோம். தம்பி திங்கட்கிழமை மட்டும் மச்சினன் சைக்கிளில் பேப்பர் போட்டார்.

எல்லா வண்டியிலும் இதே ஏற்பாடு இருக்காது. ஹோண்டாவின் பல வண்டிகளில் நட்டுக்கே ஒரு மெலிசான கழுத்து இருக்கும், இறுக்கினப்புறம் அந்தக் கழுத்தை ஷாஃப்ட்டில் இருக்கிற பள்ளத்துக்குள்ள பஞ்ச் வச்சு அமுக்கி விடணும். கழட்டினா புது நட்டுதான். சிலதில் கிண்ணம் மாதிரி வளைஞ்ச வாஷர் இருக்கும், 'அவுட்சைட்'னு எழுதின பக்கம் வெளியே வரணும். திருப்பிப் போட்டா அது வேலையே செய்யாது. சேட்டக் ஸ்கூட்டரில் கிளட்ச் நேரா கிராங்க் மேலயே உட்கார்ந்திருக்கும், கோட்டைச் சுவர் மாதிரி பள்ளம் விட்ட நட்டு, அதுக்குன்னே தனி ஸ்பேனர். ஏற்பாடு எதுவா இருந்தாலும் கொள்கை ஒண்ணுதான்: முதலில் இறுக்கம், அப்புறம் காவல்.

உளி வச்ச அந்த மெக்கானிக்கைத் திட்டறதுக்காக இதை எழுதலை. கிளட்ச் வேலைக்கு நாம கொடுக்கிற கூலியில் டார்க் ரெஞ்ச் வாங்கறது கஷ்டம். "அஞ்சு ரூபா வாஷருக்காகக் கடைக்குப் போய்ட்டு வரணுமா, பழசையே மடக்குங்க"ன்னு வாசலில் நின்னு அவசரப்படுத்தறதும் நாமதான். உளியைப் பிடிச்ச கைக்கு வேற சாமான் யாரும் கொடுக்கலை. ஆனா, கவரைத் திறக்காம 'கிராங்க் போச்சு'ன்னு சொல்றது வேற விஷயம். அந்த வார்த்தை ஒரு குடும்பத்தோட ராத்திரித் தூக்கத்தையே எடுத்துருச்சு. அது மன்னிக்கக் கூடியதா எனக்குத் தோணலை. எஞ்சின் சத்தத்துக்குக் காரணம் பத்து இருக்கலாம். அதில் ஒரு பேக்கிங்கும் ஒரு லிட்டருக்குள்ள கியர் ஆயிலும் செலவழிச்சுப் பார்த்துடக் கூடியதை முதலில் பார்க்கணும். கிராங்க்கைப் பிரிக்கிறது கடைசி.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி சத்தம் தெருமுனையில் கேட்டுச்சு. ஆர்எக்ஸ் 100-க்கே உரிய அந்த 'டிங் டிங்' மட்டும்தான், கடகட இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினப்புறம் கிளட்ச் லிவரின் விளையாட்டை அளந்தோம். வச்ச இடத்தில் அப்படியே 3 மில்லிமீட்டர். ஆயிலை இறக்கிப் பார்த்தோம், பொடி இல்லை. புரோக்கர் இன்னொரு தடவை வந்தாராம், 35,000 வரைக்கும் ஏறியிருக்கார். தம்பியோட அம்மாவே வாசலுக்கு வந்து, "வண்டி விக்கிறதுக்கில்லப்பா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

உங்க வண்டியில் கிளட்ச் கேபிள் திடீர்னு அடிக்கடி லூஸாக ஆரம்பிச்சா, கேபிளை மட்டும் திட்டாதீங்க. வலது கவருக்குள்ள ஒரு நட்டு, யாரும் பார்க்காத நேரத்தில், துளித் துளியா வெளியே நடந்து வந்துக்கிட்டு இருக்கலாம்.